திரும்பி வரும் முள்

என் மேஜை மேல் இருக்கும் மீட்டருக்கு இரண்டு முட்கள். இடப்பக்க முள் நான் அனுப்பும் சக்தியைக் காட்டும். வலப்பக்க முள், ஆன்டெனா ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புவதைக் காட்டும். அனுப்பினால்தானே திரும்பி வரும்? பதிமூன்று வருடமாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் சமையலறையில் மாவைக் கரைத்துக்கொண்டிருக்க, தந்தி அடிக்கும் மோர்ஸ் கீ தன்பாட்டுக்கு மேஜையில் கிடக்க, வலப்பக்க முள் மட்டும் எழுந்து ஆடியது. கதவு வழியாகப் பார்த்தேன். மணி ஆறு நாற்பத்தொன்பது.

எனக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். தூத்துக்குடியில் விசைப்படகுகளின் வயர்லெஸ் செட், எக்கோ சவுண்டர் எல்லாம் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஊரான் செட்டையெல்லாம் சரிபண்ணுகிறவள் வீட்டிலேயே மீட்டர் கூத்தாடினால் கோபம் வராதா? கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தட்டப் போனேன். அப்போதுதான் ஆட்டத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. நீளம், குட்டை, நீளம். முள் மோர்ஸ் அடித்துக்கொண்டிருந்தது.

பென்சிலை எடுத்தேன். முதலில் என் கணவர் ரெமிஜியுஸின் கால் சைன், அதாவது ரேடியோவில் அவருக்கான அடையாள எழுத்துகள், வந்தது. அடுத்து என்னுடையது. பிறகு நாங்கள் இருவரும் ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழ்: 'பூனை மாவைக் கவிழ்த்துவிட்டது. இன்று இட்லி இல்லை.' எழுதி முடித்து நிமிரவும், சமையலறையில் சட்டி உருளும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

ஏழு மணிக்குக் கடலிலிருந்து ரெமி அழைத்தார். நான் கீயை எடுத்து, பூனை மாவைக் கவிழ்த்துவிட்டது, இன்று இட்லி இல்லை என்று அடித்தேன். வேறு என்ன அடிப்பது, அதுதானே நடந்தது? அவர் பதிலுக்குச் சிரித்தார். மோர்ஸில் சிரிப்புக்கு 'எச்.ஐ., எச்.ஐ.' செட்டை அணைத்த பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. நான் முள்ளைப் பார்க்க ஓடிவந்ததால்தான் மாவுச் சட்டியை மூடவில்லை.

ரெமி, பத்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகில் டிரைவர். ஞாயிறு பூசை முடித்து, திங்கள் விடியக் கிளம்புவார். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போனால் செல்போனும் கேட்காது, படகின் சாதாரண வயர்லெஸும் எட்டாது. அதற்காகவே இருவரும் பரீட்சை எழுதி, தனியாட்கள் வைத்துக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கினோம். கடலில் பேசத் தனி அனுமதிக்கு இரண்டு வருடம் அலைந்தோம். காலை ஏழு, மாலை ஐந்து என்று இரண்டு வேளை. பதிமூன்று வருடத்தில் ஒரு வேளைகூட நான் தவறியதில்லை. காய்ச்சலோடு அடித்திருக்கிறேன். என் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த ஈரச் சேலையோடு அடித்திருக்கிறேன். வீட்டில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவள், காற்றில் மட்டும் 'ரெமி, ரெமி' என்று வாய் நிறைய, இல்லை, விரல் நிறைய கூப்பிடுவேன்.

மோர்ஸ் அடிக்கும் கை ஆளுக்கு ஆள் மாறும், கையெழுத்துப் போல. ரெமிக்கு வலது ஆள்காட்டி விரலின் நுனி கிடையாது. வலை இழுக்கும் வின்ச் கயிறு கொண்டுபோய்விட்டது. நடுவிரலால் அடிப்பார். அதனால் அவருடைய முதல் கோடு எப்போதும் இழுத்துக்கொண்டு நீளமாக வரும். ஆயிரம் பேர் அடித்தாலும் அந்த முதல் கோட்டை வைத்து நான் அவரைக் கண்டுபிடித்துவிடுவேன். படிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிக்கொள்வார். ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி என்று கேலி செய்வேன்.

முள் விஷயத்தை நான் சொன்ன ஒரே ஆள் டாக்டர் நல்லசிவம். கோவில்பட்டியில் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ரேடியோவில் நடத்துகிறவர் அவர்தான். ஹாம் ரேடியோக்காரர் யாராவது இறந்துபோனால், அந்தக் கால் சைனை மூன்று முறை அடித்து, பதிலுக்காக முழுசாக ஒரு நிமிடம் காத்திருந்து, பதில் வராததைக் குறித்துக்கொண்டு மூடுவதும் அவர்தான். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. அந்த ஒரு நிமிடம் எப்போதுமே எனக்குக் குளிரெடுக்கும்.

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உன் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு காட்டுதும்மா?" என்றார். அனுப்புவதில் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் விகிதம் அது.

"ஒண்ணு புள்ளி எட்டு."

"ஒண்ணுன்னா அனுப்புறது பூராவும் காத்துல போகுதுன்னு அர்த்தம். உன் செட்டுக்கும் கேபிளுக்கும் அம்பது ஓம் தடை. மேல ஆன்டெனாவும் அம்பது ஓம் இருந்தா பேச்சே இல்லை. ஒரே அளவுக் குழாயில தண்ணி போற மாதிரி போயிரும். அளவு மாறுச்சுன்னா முட்டித் திரும்பும். போற அலையும் வர்ற அலையும் கேபிளுக்குள்ள மோதிக்கிட்டு ஒரே இடத்துல நிக்கும்."

"அது தெரியும் டாக்டர். அனுப்புறதுக்கு முந்தியே எப்படித் திரும்பும்?"

"கணக்குல பாத்தா இதுக்கு ரெண்டு விடை உண்டும்மா. ஒண்ணு, அனுப்பின பிறகு வர்ற அலை. இன்னொண்ணு, அனுப்புறதுக்கு முந்தியே வர்ற அலை. ரெண்டாவதைக் கிறுக்குத்தனம்னு எல்லாரும் பேனாவால அடிச்சிருவோம். உன் ஆன்டெனா அடிக்கலைபோல."

"விளையாடாதீங்க டாக்டர்."

"எனக்கென்ன விளையாட்டு? பதினோரு நிமிசம்னு சொன்னியே, அது எப்பவும் பதினோரு நிமிசம்தானா? ஆன்டெனாப் பொருத்தத்தை இன்னும் கெடுத்துப் பாரு. கூடுதான்னு சொல்லு."

கெடுத்தேன். மொட்டைமாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொங்குகிற வயரைப் பக்கத்துக்கு அரை மீட்டர் வெட்டினேன். விகிதம் இரண்டரைக்கு ஏறியது. முள் ஒரு மணி நேரம் முன்னதாக ஆடியது. இன்னும் வெட்டினேன். மூன்று, நான்கு. செப்டம்பரில் பக்கத்துக்கு இரண்டு மீட்டர் போயிருந்தது, விகிதம் ஆறு, முள் சரியாக ஒரு நாள் முன்னதாக வந்தது. நாளைக்குக் காலை ஏழு மணிக்கு நான் அடிக்கப்போவதை இன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் படித்தேன்.

டாக்டர் பயந்துபோனார். "போதும்மா. பாதிக்குப் பாதி திரும்புது. செட்டு தன்னைக் காப்பாத்திக்க சக்தியைக் குறைச்சிரும். நீ அனுப்புறது ஒருத்தனுக்கும் கேக்காது. வெட்டும்போது, வயரும் கேபிளும் சேர்ற நடு ஜாயிண்டைப் பிரிச்சியே, ரப்பர் டேப் போட்டு மூடுனியா?"

"கறுப்பு டேப் சுத்தியிருக்கேன். திரும்ப வெட்டணும்லா, தற்காலிகமா."

"ரூம்ல பாக்குற மீட்டரை மட்டும் நம்பாத. மாடிக்குப் போய் ஆன்டெனா காலடியில அளந்து பாக்கணும். நடுவுல கேபிள் என்ன பண்ணுதுன்னு மீட்டருக்குத் தெரியாது."

சரி சரி என்று வைத்தேன். எனக்கு வேண்டியது அதுவல்ல. கடலுக்குப் போனவன் பெண்டாட்டியிடம் ஒரு நாள் முன்னதாகத் தெரியும் என்று யாராவது சொன்னால், அவள் ஜாயிண்டுக்கு டேப் சுற்றுவதைப் பற்றியா யோசிப்பாள்? ரெமி நாளைக்கு இருப்பார் என்று இன்றைக்கே தெரிந்தால் போதும், இன்றைக்குத் தூங்கிவிடுவேன். அவ்வளவுதான் என் ஆசை. முள்ளுக்கு நான் அடிப்பது மட்டும்தான் தெரியும் என்பதால், தினமும் காலையில் ஊரில் நடந்தது எல்லாவற்றையும் அடிக்க ஆரம்பித்தேன். எந்தப் படகு வந்தது, எது வரவில்லை, யாருக்குக் குழந்தை பிறந்தது. எனக்கு நானே எழுதும் கடிதம் மாதிரி. மாலை வேளையில் ரெமியோடு இரண்டு வார்த்தைதான், முள்ளைப் படிக்க மாட்டேன். ரெமி, "என்னட்டி, பேப்பர் வாசிக்கியா?" என்று கேலி அடித்தார். கூடவே, "உன் சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வருது" என்றும் அடித்தார்.

அக்டோபர் முதல் வாரம் பக்கத்துத் தெரு ஞானப்பிரகாசத்தின் வள்ளம் வரவில்லை. ஐந்து நாள் ஆயிற்று. அவர் மனைவி அமலோற்பவம் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆறாம் நாள், புதன்கிழமை காலை, முள் எழுதியது: 'ஞானப்பிரகாசம் உடல் மணப்பாட்டில் ஒதுங்கியது. அடக்கம் மாலை நாலு மணி.'

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இன்றுவரை தெரியாது. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். நம்பாமல் திட்டினாள், பிறகு நம்பிவிட்டாள். அன்று பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, உடலில்லாத வீட்டில் அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியாழன் விடிய மணப்பாட்டிலிருந்து ஆள் வந்தது.

அடக்கம் ஆன எட்டாம் நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது என்னை நிறுத்தினாள். "நீ சொல்லலைன்னா, எனக்கு இன்னும் ஒரு நாள் அவிய இருந்திருப்பாவ ஜெசிந்தா" என்றாள். கத்தவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செய்தி தெருவுக்குப் பரவியது. காலையில் வாசலில் பெண்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். எங்க வீட்டுக்காரர் பேர் வந்துச்சா, என் தம்பி பேர் வந்துச்சா. வேறு சிலர் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போனார்கள். ஒரு படகு முதலாளி, என்னால் ஆட்கள் தொழிலுக்கு வரப் பயப்படுகிறார்கள் என்று பங்குச்சாமியாரிடம் பிராது கொடுத்தார். இனி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன், கதவைச் சாத்தினேன். பார்ப்பதில்லை என்று மட்டும் சத்தியம் செய்யவில்லை. ரெமி கடலில் இருந்தார்.

நவம்பர் பதினெட்டு, திங்கள். ரெமி கடலுக்குப் போய் எட்டாம் நாள். காலை ஏழு மணிக்கு முள் ஆடவில்லை.

ரெமியோடு இரண்டு வார்த்தை பேசி முடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். ஏழேகால், ஏழரை. முள் செத்த பல்லிபோலக் கிடந்தது. மீட்டரைத் தட்டினேன். கீயை அழுத்திப் பார்த்தேன், இரண்டு முட்களும் ஒழுங்காக எழுந்தன, விகிதம் அதே ஆறு. மீட்டரில் கோளாறு இல்லை. நாளைக் காலை ஏழு மணியிலிருந்து எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். எட்டரைக்குப் பார்த்தேன், ஒன்பதுக்குப் பார்த்தேன். நாளை என்கிற நாளே என் மீட்டரில் இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். "முள் ஆடலைன்னா ரெண்டு காரணம்தான் இருக்க முடியும்மா" என்றார். "ஒண்ணு, நாளைக்கு நீ அனுப்பலை."

"நான் அனுப்பாம இருக்கணும்னா செத்திருக்கணும் டாக்டர்."

"இரும்மா, அவசரப்படாத. ரெண்டாவது, நாளைக்கு நீ அனுப்புறது பூராவும் வெளிய போகுது. திரும்ப ஒண்ணுமே இல்லை. ஆன்டெனாவைப் பழையபடி பொருத்தி வச்சிருக்க. அதுதான் நடக்கப்போகுது, பாரு. நல்ல சகுனம்தான்."

மாலை ஐந்து மணிக்கு ரெமி ரேடியோவில் வந்தார். அதற்குள் டிவியில் சொல்லிவிட்டார்கள், குமரிக்குத் தெற்கே தாழ்வு மண்டலம், புயலாகிறது, கரையை நோக்கி வருகிறது. படகு எங்கே என்று கேட்டேன். சொன்னார். நான் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அவர் கரை திரும்புவதற்குள் புயல் குறுக்கே வந்துவிடும். கரைக்கு வராதே, மேற்கே மினிக்காய் தீவுப் பக்கம் ஒதுங்கு, இது என் கணக்கு என்று மூன்று முறை அடித்தேன். அவர், "பாதிகூடக் கேக்கலை. புயலா? என்ன சொல்லுத? திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன். "கேக்கலைட்டி. காலையில பாப்போம்" என்று மூடிவிட்டார்.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, என் செட்டை இன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாத வாயாக்கி வைத்திருந்தேன். ஆனால் டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. நாளைக்குத் திரும்ப ஒன்றும் வராது. நாளைக்கு நான் அனுப்புவது முழுக்கப் போய்ச் சேரும். முள்ளே சொல்லிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் அன்று கண்ணை மூடினேன்.

செவ்வாய் விடியும்போதே காற்றும் மழையும். வெட்டி எடுத்த வயர்த் துண்டுகளைச் சுருட்டி வைத்திருந்தேன். மாடிக்கு ஏறி, வழுக்கிக்கொண்டே, கம்பத்தைச் சாய்த்து, துண்டுகளைப் பழைய இடத்தில் முறுக்கினேன். நடு ஜாயிண்டில் கறுப்பு டேப் பாதி பிரிந்து தொங்கியது. மேலே இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். மணி ஆறு ஐம்பது. கீழே ஓடிவந்து கீயை அழுத்தினேன்.

இடது முள் எழுந்தது. வலது முள் அசையவே இல்லை. ஒன்று புள்ளி ஒன்று.

பதிமூன்று வருடத்தில் நான் அப்படி ஒரு அளவைப் பார்த்ததில்லை. மேஜையில் தலையை வைத்து அழுதேன். பிறகு அடிக்க ஆரம்பித்தேன். ரெமி, ரெமி, மேற்கே போ, மினிக்காய் பக்கம் ஒதுங்கு. காத்திருந்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம். காற்றில் வேறு எந்த ஸ்டேஷனும் இல்லை, வழக்கமாகக் கேட்கும் இரைச்சல்கூட இல்லை, காதில் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி. புயல்தான் காரணம் என்று நினைத்தேன். அவர் பேட்டரி இறங்கியிருக்கும், கேட்கிறது, அனுப்பத்தான் முடியவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். அப்படிப் பலமுறை நடந்திருக்கிறது.

பத்து மணிக்கு டாக்டர் போன் செய்தார். லைன் கரகரத்தது. "நீ எங்கம்மா இருக்க? ஏழு மணியிலேருந்து உன்னை..." என்று ஆரம்பித்தவரை நான் முடிக்க விடவில்லை.

"டாக்டர், ஒண்ணு புள்ளி ஒண்ணு!"

"எந்த அலைவரிசையில?"

"எல்லாத்துலயும். இந்த மூலையிலேருந்து அந்த மூலை வரைக்கும் அசையவே இல்லை."

"எல்லாத்துலயும் ஒரே அளவா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஜெசிந்தா, எந்த ஆன்டெனாவும் அப்படி..." அதோடு லைன் அறுந்துவிட்டது. அன்றும் மறுநாளும் போன் வரவேயில்லை. அவர் சொல்ல வந்ததை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷம் ஆளை அவ்வளவு முட்டாளாக்கும்.

சாயங்காலம் அமலோற்பவம் கஞ்சி கொண்டுவந்தாள். ஆறு வாரம் கழித்து அப்போதுதான் என் வாசலை மிதித்தாள். ஈரத் தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அடிப்பதையும் காத்திருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முள்ளு என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலை. நேத்திலேருந்து ஒண்ணுமே இல்லை."

"அப்போ உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"அப்போ இருக்காவ" என்றாள். "குடி. ஆறிப்போகும்."

புதன்கிழமை முழுக்க அடித்தேன். விரல் வீங்கி, கட்டைவிரலால் அடித்தேன். மேற்கே போ, மேற்கே போ. அன்று மாலை மழைக்கு நடுவே ரேடியோ செய்தியில் சொன்னார்கள், புயல் கரைக்கு வரவில்லை, திசை மாறி மேற்கே மினிக்காய் பக்கம் நகர்கிறது என்று. கீயிலிருந்து கையை எடுத்தேன். இரண்டு நாளாக நான் அவரை அதன் வாய்க்குள்ளேயே போகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீட்டர் சொன்னபடி, ஒரு துளி மிச்சமில்லாமல் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்றும் வந்திருந்த அமலோற்பவம் என் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். நான் அலறினேனாம். எனக்கு நினைவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு ரெமி படியேறி வந்தார்.

தாடி, உப்புப் படிந்த சட்டை, செருப்பு இல்லை. நான் உட்கார்ந்தபடியே பார்த்தேன். அவர் வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஓடிவந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உயிரோட இருக்கியாட்டி?"

"நானா? நீங்க..."

"செவ்வாக்கிழமை காலையில உன்னைக் காணோம். சாயங்காலமும் காணோம். பதிமூணு வருசத்துல நீ ஒரு வேளை தவறுனதில்லை. நீ செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டேன். வலையை அறுத்துப் போட்டுட்டு நேரே கரைக்கு விடுன்னேன். பயலுவ அவ்வளவு பேரும் என்னை வஞ்சானுவ. நடுவுல காத்து ஆளைத் தூக்குச்சு, ஆனா அது அந்தாக்ல மேக்க போயிருச்சு."

"நான் அடிச்சேன். ரெண்டு நாளா அடிச்சேன்."

"ஒரு புள்ளிகூட வரலை."

மதியம் மழை விட்டதும் இருவரும் மாடிக்குப் போனோம். நடு ஜாயிண்டில் என் கறுப்பு டேப்புக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. கேபிளை அவிழ்த்துத் தலைகீழாகப் பிடித்தேன். பச்சை நிறத்தில் உப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, ஒரு டம்ளர் இருக்கும். செப்டம்பரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, செவ்வாய்க்கிழமை மழையில் நிறைந்துவிட்டது. நான் அனுப்பியதை எல்லாம் கேபிளே குடித்துச் சூடாகிவிட்டது. ஆன்டெனாவுக்கும் போகவில்லை, எனக்கும் திரும்பவில்லை. அதுதான் என் ஒன்று புள்ளி ஒன்று. அதுதான் முள் ஆடாததற்கு மூன்றாவது காரணம். டாக்டர் போனில் சொல்ல வந்தது அதைத்தான்.

ரெமி அந்தத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று நான் கேலி செய்யவில்லை. முள்ளைப் பற்றி அவரிடம் அன்றுதான் சொன்னேன், மாவுச் சட்டியிலிருந்து அமலோற்பவம் வரை. நான் இனி நாளையைப் பார்க்கவே மாட்டேன் என்றும் சொன்னேன். இந்தத் தடவை மனசார.

மறுநாள் பகல் புதுக் கேபிள் வாங்கி வந்தோம். ரெமி மாடியில் இணைத்துவிட்டுக் கீழே வந்து, கேபிளின் இந்த முனையை மீட்டரில் திருகினார். பழைய துண்டுகளை மழையில் அவசரமாக முறுக்கியிருந்ததால் பொருத்தம் எப்படியும் இருக்காது, ஒவ்வொரு விரற்கடையாக வெட்டிச் சரிபண்ண வேண்டும். நான் இரண்டு டம்ளர் காப்பியோடு அவருக்குப் பின்னால் நின்றேன். செட்டை இன்னும் போடவில்லை.

வலப்பக்க முள் எழுந்தது.

ஒரு கோடு. தேவைக்கு மேல் நீண்டு, இழுத்துக்கொண்டு. அந்த ஒரு கோட்டிலேயே கண்டுபிடித்துவிட்டேன். என் கை இல்லை. நுனியில்லாத விரலுக்குப் பதிலாக நடுவிரல். என்றைக்கோ ஒரு நாள் ரெமி என் மேஜையில் உட்கார்ந்து, என் கீயில் அடிக்கிறார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சத்தியம் செய்து ஒரு நாள்கூட ஆகவில்லையே. ஆனால் முன்னால் ஜன்னல் கண்ணாடி இருந்தது, அதில் ரெமியின் முகம் தெரிந்தது. அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. அசைந்து முடிந்தது. மறுபடி அதே மாதிரி அசைந்தது. மூன்றாவது முறையும் அதே. பிறகு உதடு நின்றுவிட்டது. அவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தார். டாக்டர் காத்திருப்பாரே, அதே மாதிரி முழுசாக ஒரு நிமிடம். காப்பி டம்ளர் என் விரலைச் சுட்டுக்கொண்டே இருந்தது.

"என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை. காத்துல கேபிள் ஆடுது" என்றார். காப்பியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இருட்டும்வரை இறங்கவில்லை. மாடியில், ஆன்டெனா காலடியில் வைத்தே அளந்தார். ஜாயிண்டுக்கு மூன்று சுற்று ரப்பர் டேப், மேலே மெழுகு.

அதற்குப் பிறகு அவர் தங்கலுக்குப் போகவில்லை. துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். படகு என்றால் உயிரை விடுகிற மனுஷன், புறங்கை குளிரில் வெடித்துப்போய் வருகிறார், ஏன் என்று கேட்டால் வயசாச்சு என்கிறார். எனக்குப் பிடித்த வெளமீனாகப் பார்த்து வாங்கி வருகிறார். நான் இருமினால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறார். மாடிக்கு என்னை ஏற விடுவதில்லை. முள்ளில் வந்த அந்த அழைப்பு எத்தனை நாள் தள்ளியிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அது அனுப்பும் நாளில் பொருத்தம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் பொருத்தம் கெடாதவரை எதுவும் திரும்பி வர முடியாது, திரும்பி வராவிட்டால் நான் இல்லாத அப்படி ஒரு நாளே கிடையாது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அவர் சொல்லவில்லை. தினமும் காலையில் முதல் வேலையாக மாடிக்குப் போய் ஜாயிண்டைத் தடவிப் பார்ப்பதிலிருந்து எனக்குத் தெரிகிறது. கணக்கில் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும், வர வேண்டியது ஏற்கெனவே வந்துவிட்டது. நானும் சொல்லவில்லை. அமலோற்பவம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது.

ஏழு மணிக்குக் கீழே இறங்கி வந்து, மேஜைக்கு முன் நின்று கீயை ஒரு முறை அழுத்துவார். சமையலறையில் நான் கையிலிருப்பதை வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு" என்று அங்கிருந்து சத்தம் கொடுப்பார். பிறகு பதிலுக்காக நிற்பார்.

"இருக்கேன்" என்பேன், அவர் காதில் நன்றாக விழும்படி.